வந்ததெல்லாம் நமதா?

திருடாமலே ஒருவன் பிறர் பொருளுக்கு உடையவன் ஆகிவிட முடியுமா?

முடியாது என்றுதான் உடனே சொல்லத் தோன்றும். வழியில் கிடந்த பொருளை எடுத்தால்கூட, உரியவரைத் தேடிக் கொடுக்க வேண்டும் என்று பாட்டிமார் நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். சரி, நாம் எதையும் எடுக்கவில்லை. அதுவாகவே நம் வாசலில் வந்து குவிந்தது. யாருடையது என்று அதன்மேல் பெயர் எழுதியிருக்கவில்லை. அதுவும் நாம் பிறப்பதற்கு முன்பே குவியத் தொடங்கிவிட்டது. அப்போது என்ன சொல்வது? இதற்காகத் தர்ம சாஸ்திரங்களைப் புரட்ட வேண்டியதில்லை. மாலை வேளையில் சென்னைக் கடற்கரைக்குப் போய், காலடியில் இருக்கும் மணலைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் போதும்.

மெரினாவுக்குப் போகிறவர்கள் மணலைப் பார்ப்பதில்லை. கடலைப் பார்க்கிறார்கள், கூட்டத்தைப் பார்க்கிறார்கள், சுண்டல் விற்கும் பையன் எந்தப் பக்கம் போகிறான் என்று பார்க்கிறார்கள். மணல் என்பது அங்கே ஆதி காலத்திலிருந்து கிடப்பது, கேள்வி கேட்க வேண்டாதது என்று நினைத்துவிடுகிறோம். சுமார் 6 கிலோமீட்டர் நீளம், சராசரியாக 300 மீட்டர் அகலம். வெளியூரிலிருந்து வரும் உறவினருக்குச் சென்னைவாசி முதலில் காட்டும் சொத்து இதுதான். ஏதோ தன் பாட்டனார் எழுதி வைத்துவிட்டுப் போனதைப் போன்ற பெருமையோடு காட்டுகிறார்.

உண்மையில் 150 ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பரந்த மணல்வெளி இல்லை. அன்று கடல் இப்போதைய சாலைக்கு மிக அருகில் இருந்தது. 1880-களில் கவர்னராக இருந்த கிராண்ட் டஃப் துரை கடலோரமாக உலாவுவதற்கு ஒரு நடைபாதை அமைத்து, அதற்கு 'மெரினா' என்று பெயரும் வைத்தார். பெயர் அவர் வைத்தது. மணல் அவர் போட்டதல்ல.

பிறகு யார் போட்டார்கள்? அந்தக் கதையைச் சொல்ல வேண்டுமானால், மணல் மணலாவதற்கு முன்பிருந்து தொடங்க வேண்டும்.

பல்லாவரத்துப் பக்கம் ரயிலில் போகிறவர்கள் கருநிறமான குன்றுகளைப் பார்த்திருப்பார்கள். அந்தக் கல்லுக்குச் 'சார்னகைட்' என்று பெயர். கல்கத்தா நகருக்கு அடிகோலியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறையை இந்தக் கல்லால்தான் மூடியிருக்கிறார்கள். தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியல் அறிஞர் இதைக் கண்டறிந்து, 1893-ல் அவர் பெயரையே கல்லுக்கு வைத்தார். கல்லின் வயதோ சுமார் 250 கோடி ஆண்டு. பூமியின் ஆழத்தில், தாங்க முடியாத வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருவான பாறை அது. அதன்மேல் இருந்த மலைகள் எல்லாம் கரைந்து போனதால்தான் இன்று அது வெயிலைப் பார்க்கிறது.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது பழமொழி. எறும்பு வேண்டாம், மழைத்துளி போதும். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சிறிது கரைத்துக்கொண்டு, மிக மென்மையான ஓர் அமிலமாகப் பாறையின் விரிசல்களில் இறங்குகிறது. சோடாவைவிடச் சாதுவான அமிலந்தான். ஆனால் அதற்கு அவசரம் இல்லை. பாறையில் உள்ள பெல்ட்ஸ்பார் என்னும் பகுதி மெல்ல மெல்லக் களிமண்ணாக மாறிவிடுகிறது. இரும்புச் சத்துள்ள பகுதி துருப்பிடித்துச் செம்மண் ஆகிறது. எதற்கும் மசியாமல் எஞ்சி நிற்பது வெங்கச்சாங்கல். படித்தவர்கள் குவார்ட்ஸ் என்பார்கள். சுற்றியிருந்த உறவெல்லாம் களியாகிப் போன பிறகு, அது தனித்தனித் துகளாக உதிர்கிறது. அதுதான் மணல். பாறையின் சாவிலிருந்து பிறந்த, சாகாத பகுதி.

மணலை ஆறு தூக்கிக்கொள்கிறது. மைசூர்ச் சீமையில் நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து, வாணியம்பாடி, வேலூர், காஞ்சிபுரம் வழியாக வந்து, சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே கடலில் சேரும் பாலாற்றைப் போன்ற நதிகள் ஒவ்வொரு வெள்ளத்திலும் இந்தச் சுமையைக் கொண்டுவந்து கடலோரத்தில் இறக்கின. ஆற்றின் வேலை அத்துடன் முடிந்தது. பயணம் முடியவில்லை.

அலை கரைக்கு நேராக வருவது அபூர்வம். சற்றே சாய்ந்துதான் வரும். ஏறும்போது மணலைச் சாய்வாக மேலே தள்ளும். இறங்கும்போது தண்ணீர் நேராகக் கீழே வழியும். இப்படி ஒவ்வோர் அலைக்கும் மணல் துகள் ஓர் அடி, அரை அடி பக்கவாட்டில் நகர்ந்துவிடுகிறது. நம் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் இந்த நடை வடக்கு நோக்கி. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று எழுந்தால் தெற்கு நோக்கி. ஆனால் வடக்கே போகும் மாதங்கள் அதிகம். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால், லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் தெற்கேயிருந்து வடக்கே நடந்து போயிருக்கும். மாமல்லபுரத்தில் 1300 ஆண்டுகளாக நிற்கும் கடற்கரைக் கோயிலின் சிற்பங்களை ஒரு பக்கம் உப்புக்காற்று மழுக்கிக்கொண்டே இருக்க, மறு பக்கம் அதன் காலடியில் இந்த மணல் யாத்திரை ஓயாமல் நடந்துகொண்டே இருந்திருக்கிறது.

ஆகவே, கடற்கரை என்பது ஒரு நிலம் என்று நாம் நினைப்பது சரியல்ல. அது ஒரு சத்திரம். எப்போது பார்த்தாலும் நிறைந்திருக்கும். ஆனால் நேற்று இருந்தவர்கள் இன்று இல்லை. தெற்கேயிருந்து வருகிறவர்கள் வந்துகொண்டே இருப்பதால் வடக்கே போகிறவர்களைப் பற்றிச் சத்திரம் கவலைப்படுவதில்லை. வரவும் செலவும் ஒத்திருக்கும் வரை கரை நிலையாக நிற்பதுபோலத் தோன்றுகிறது.

இந்தச் சத்திரத்தின் வழியில்தான் சென்னைத் துறைமுகம் வந்தது.

அதைக் கட்டியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. சென்னைக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது. கப்பல்கள் வெகு தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் ஆட்களும் மூட்டைகளும் கரைக்கு வரவேண்டும். அலையில் சரக்கு போனதும் உண்டு. உயிர் போனதும் உண்டு. ஊருக்கு ஒரு துறைமுகம் வேண்டும் என்று வியாபாரிகள் கேட்டது நியாயமான கோரிக்கை. 1876-ல் கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர்கள் எழும்பத் தொடங்கின. 1881-ல் ஒரு புயல் வந்து வேலையைக் கலைத்துப் போட்டது. மனிதன் விடவில்லை, மறுபடியும் கட்டினான்.

சுவர் அலையைத் தடுத்தது. கூடவே மணலையும் தடுத்தது. வடக்கே நடந்துகொண்டிருந்த யாத்திரிகர்கள் சுவருக்குத் தெற்கே வந்து நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் அவர்களுக்குப் பின்னால் நின்றார்கள். ஆண்டுக்கு ஆண்டு கூட்டம் பெருகிற்று. துறைமுக வாயிலையே மணல் அடைக்கத் தொடங்கியதால், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கே இருந்த வாயிலை மூடி வடகிழக்கில் வேறு வாயில் வைக்க நேர்ந்தது. தெற்கே நின்ற அந்தக் கூட்டத்துக்குத்தான் நாம் மெரினா என்று பெயர் சொல்கிறோம்.

தெற்கே நின்றவர்கள் வடக்கே போய்ச் சேரவில்லை அல்லவா? இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கத்துக் கரைகளில் செலவு மட்டும் வழக்கம்போல் நடந்தது, வரவு நின்றுவிட்டது. அலை தன் பங்கு மணலை எடுத்துக்கொண்டு வடக்கே போயிற்று. ஈடுசெய்யத் தெற்கேயிருந்து ஒன்றும் வரவில்லை. ஒரு நூற்றாண்டுக் காலத்தில் நூற்றுக்கணக்கான மீட்டர் கரை கடலுக்குள் போய்விட்டது. போனது வெறும் மணல் அல்ல. கட்டுமரத்தை இழுத்து ஏற்றும் இடம் போயிற்று. வலை உலர்த்தும் இடம் போயிற்று. கருவாடு காயப்போடும் இடம் போயிற்று. பிறகு வீடு போயிற்று. வீட்டுக்குப் பின்னால் இருந்த தெருவும் போயிற்று.

கடலை நிறுத்தக் கல்லைக் கொட்டினார்கள். கல்சுவர் பின்னால் இருக்கும் வீட்டைக் காக்கும். முன்னால் இருக்கும் மணலைக் காக்காது. அலை சுவரில் மோதித் திரும்பும்போது எஞ்சிய மணலையும் அரித்துக்கொண்டு போகிறது. அதற்கும் பரிகாரமாகக் கடலுக்குள் நீட்டிக் குறுக்கே கல் போட்டார்கள். 'தூண்டில் வளைவு' என்று அதற்குப் பெயர். அது அந்தக் குப்பத்துக்குச் சிறிது மணலைப் பிடித்துக் கொடுக்கும். பிடித்த மணல் எங்கேயிருந்து வந்தது? அடுத்த குப்பத்துக்குப் போகவேண்டிய மணல்தான். எனவே அடுத்த குப்பத்தார் தங்களுக்கும் ஒரு தூண்டில் வளைவு வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம்; அவர்களுக்கு வடக்கே இருப்பவர்கள் பிறகு கேட்கப்போவதும் நியாயம். துன்பம் தீரவில்லை, வடக்கே நடந்து போகிறது, மணல் நடந்த அதே பாதையில்.

நாவல் எழுதுகிறவனுக்கு இந்தக் கதை ஒரு சங்கடம். எங்களுக்கு ஒரு கெட்டவன் வேண்டும். அவன் செய்த தீமையால் நல்லவன் துன்பப்பட வேண்டும். கடைசி அத்தியாயத்தில் கணக்குத் தீர வேண்டும். இங்கே கெட்டவன் எங்கே? துறைமுகம் கட்டியவன் உயிரைக் காக்கக் கட்டினான். மெரினாவில் உட்காருகிறவன் காற்று வாங்க உட்காருகிறான். இராயபுரத்து வீட்டை இடித்தது அலை; அலைக்கோ மனம் இல்லை. கெட்டவன் இல்லாமலே ஒரு தீமை நடந்து முடிந்திருக்கிறது. வாழ்க்கையில் நடக்கும் தீமைகளில் பெரும்பாலானவை இந்த வகை என்பது என் எண்ணம். கதைகளில்தான் அவை இடம்பெறுவதில்லை.

ஒரு வக்கீல் நண்பரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் சிரித்தார்.

"கடலில் போகிற மணலுக்குப் பட்டா ஏது, ஐயா? இராயபுரத்தான் அந்த மணலுக்குக் கிரயம் கொடுத்தானா? மயிலாப்பூரான் அதைத் திருடினானா? கட்டியவர்களுக்குக் கெடுக்கும் எண்ணமும் இல்லை. எண்ணம் இல்லாத இடத்தில் குற்றம் இல்லை. இன்று மெரினாவில் உலாவுகிறவனோ, சுவர் கட்டியபோது பிறக்கக்கூட இல்லை. அவன் தலையில் எந்தச் சட்டத்தைக் கொண்டுபோய் வைப்பீர்?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட என்னால் மறுக்க முடியாது. குற்றம் இல்லைதான். ஆனால் குற்றம் இல்லாவிட்டால் கடனும் இல்லை என்று முடிவு கட்டுகிறாரே, அந்த இடத்தில்தான் நான் அவரோடு சேர்ந்து போக முடியவில்லை. குற்றமும் கடனும் ஒன்றல்ல. குற்றம் எண்ணத்தைப் பொறுத்தது. கடன் பெற்றதைப் பொறுத்தது. தபால்காரர் தவறிப்போய் அடுத்த வீட்டு மணியார்டரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனால், நான் குற்றவாளி அல்ல. அது யாருடையது என்று தெரியாதவரை, செலவழித்தாலும் என்மேல் பழி இல்லை. தெரிந்த பிறகு? தெரிந்த அந்த நிமிஷத்திலிருந்து நான் கடன்காரன். அறியாமை தீரும் நாளில்தான் கடன் பிறக்கிறது. மணல் எங்கிருந்து வருகிறது, எங்கே போகவேண்டியது, எதனால் நின்றது என்பதெல்லாம் இன்று படித்தவர் எவரும் அறியக்கூடிய செய்தி. ஆகவே, தெரியாது என்று சொல்லிக்கொள்ளும் வசதி நமக்கு இல்லை.

கடனைத் தீர்க்க முடியுமா என்று கேட்கலாம். முடியும் என்று காட்டிய ஊர்கள் இருக்கின்றன. 1933-ல் திறக்கப்பட்ட விசாகப்பட்டினத் துறைமுகத்தில், தெற்கே தேங்கும் மணலை வாரி வடக்கே உள்ள நகரின் கரையில் கொண்டுபோய்ப் போடும் வழக்கம் ஏற்பட்டது. ஆஸ்திரேலியாவில் இன்னும் தெளிவான உதாரணம் இருக்கிறது. அங்கே ட்வீட் என்ற ஆற்றின் முகத்துவாரத்தில், படகுகள் தடையின்றிப் போய்வருவதற்காக 1962-லிருந்து 1964 வரை தடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். ஆறு ஒரு மாநிலத்தில் இருக்கிறது. அதற்கு வடக்கே உள்ள அழகிய கடற்கரைகள் வேறொரு மாநிலத்தில். ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர் வடக்கே போகும் கரை அது. சுவருக்குத் தெற்கே மணல் தேங்கிற்று. வடக்கே கரை கரைந்தது. நம் கதையேதான். ஆனால் அந்த இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேசி, ஒப்பந்தம் செய்து, சட்டமும் இயற்றின. 2001-லிருந்து ஆற்றுக்குத் தெற்கே ஒரு மேடைப் பாலத்தில் பம்புகளை வைத்து மணலை உறிஞ்சி, ஆற்றுக்கு அடியில் குழாய் வழியாக வடக்கே அனுப்புகிறார்கள். தடுத்தது நாங்கள், அனுப்புவதும் எங்கள் பொறுப்பு என்று ஓர் அரசாங்கம் ஒப்புக்கொள்வது சிறிய காரியம் அல்ல.

அந்தக் கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பாக்கியெல்லாம் சேர்த்துத் தொடக்கத்தில் ஏராளமான மணலைக் கொட்டியதால், கிர்ரா என்ற கடற்கரை அளவுக்கு மீறி அகன்றுவிட்டது. கடலடிப் பாறையில் வாழ்ந்த உயிர்களை மணல் மூடியது. அலைச் சறுக்கு விளையாட்டுக்குப் பேர்போன அந்த ஊரின் அலையும் கெட்டது. இழந்தவர்களே, 'போதும், நிறுத்துங்கள்' என்று முறையிட வேண்டியதாயிற்று. பிறகு அளவறிந்து அனுப்பலானார்கள்.

நம் பக்கத்துப் புதுச்சேரிக்கும் இந்தப் பாடம் தெரிந்ததுதான். 1980-களில் அங்கே துறைமுகச் சுவர்களைக் கட்டியபோது, மணலை எடுத்து வடக்கே அனுப்பும் ஏற்பாடும் திட்டத்தில் இருந்தது. ஏற்பாடு காகிதத்தில் இருந்த அளவுக்குக் கடலில் நடக்கவில்லை. ஊரின் புகழ்பெற்ற கடற்கரைச் சாலையோரம் மணல் மறைந்து கருங்கல் குவியலாயிற்று. 2018-ல் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு அமைத்த பிறகு, ஒரு பகுதியில் மணல் திரும்பி வந்தது. வாக்களித்துவிட்டுக் கொடுக்காமல் இருப்பதைவிட, தாமதமாகவேனும் கொடுப்பது மேல்.

இதையெல்லாம் படிக்கும் வாசகர், 'துறைமுகமும் பம்பும் அரசாங்கத்தின் விஷயம், எனக்கென்ன?' என்று எண்ணலாம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். தகப்பனார் திடீரென்று இறந்துபோனார். மூத்த மகன் பதினான்காம் வயதில் பள்ளியை விட்டு ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதப் போனான். இளையவன் படித்தான், பெரிய உத்தியோகத்துக்கு வந்தான். அண்ணனைப் பற்றிப் பேச்சு வந்தால், "நான் அவரைப் படிப்பை நிறுத்தச் சொல்லவில்லையே!" என்பார் அந்த இளையவர். உண்மை. அவர் சொல்லவில்லை, அப்போது அவருக்கு எட்டு வயது. ஆனால் அண்ணனுக்கு வரவேண்டிய படிப்பு எங்கேயோ தேங்கி, அவர் வீட்டு வாசலில் மெரினாவாக விரிந்திருக்கிறது. ஒரு தீபாவளிக்கு அவர் அண்ணனுக்குப் பட்டுவேட்டியும் கடிகாரமும் பெருந்தொகையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பிறகு மூன்று வருஷம் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிட்டுக் கைகழுவ நினைத்தார். அண்ணனுக்கு அந்தப் பணத்தால் மூச்சு முட்டியதே தவிர, நிறைவு ஏற்படவில்லை.

துகள் துகளாக வந்தது துகள் துகளாகத்தான் திரும்பிப் போக முடியும். ட்வீட் ஆற்றுப் பம்புகளின் வேலை என்றைக்காவது முடிந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. சுவர் இருக்கிறவரை ஓடித்தான் ஆகவேண்டும். பிறர் இழப்பினால் நாம் பெற்ற நன்மைகளும் அப்படித்தான். அவற்றுக்குரிய கடன் ஒரு நாள் விழா எடுத்துத் தீர்ப்பதல்ல; நம் நன்மை நீடிக்கிறவரை உடன் நீடிப்பது.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. இப்போது மணல் துறைமுகச் சுவருக்கு வருவதற்கு முன்பே நிற்கத் தொடங்கிவிட்டது. பாலாற்றில் வெள்ளம் வருவதே அபூர்வம். ஆற்றில் கிடந்த மணலையோ லாரி லாரியாக அள்ளிக்கொண்டு வந்துவிட்டோம். சென்னையில் சொந்தமாக ஒரு வீடோ, ஒரு மாடிக் குடியிருப்பில் இரண்டு அறையோ வைத்திருக்கிறவர், தம் சுவரை ஒரு முறை கையால் தட்டிப் பார்க்கட்டும். கடலுக்குப் போய், மாமல்லபுரத்தைக் கடந்து, வடக்கே ஏதோ ஒரு குப்பத்தின் முற்றமாக ஆகியிருக்கக் கூடிய மணல் அந்தச் சுவருக்குள் நிற்கலாம். அவர் விலை கொடுத்துத்தான் வாங்கினார். ஆனால் அந்த விலை யாருக்குப் போயிற்று? குப்பத்துக்குப் போகவில்லை.

மெரினாவை அழித்துவிட வேண்டும் என்றோ, துறைமுகத்தை இடித்துவிட வேண்டும் என்றோ, யாரும் வீடு கட்டக் கூடாது என்றோ நான் சொல்லவில்லை. குழந்தைகள் அந்த மணலில் விளையாடட்டும். வயதானவர்கள் காற்று வாங்கட்டும். நம் வக்கீல் நண்பர் சொன்னபடி, அங்கே உட்கார்ந்திருப்பவர் எவரும் குற்றவாளி அல்லர். தலைகுனிந்து உட்கார வேண்டியதில்லை. ஆனால் தெற்கே தேங்குகிற மணலில் வடக்குக்கு உரிய பங்கு ஆண்டுதோறும், அளவறிந்து, வடக்கே போய்ச் சேரவேண்டும். அதற்குப் பணம் செலவாகும். அந்தப் பணம் நகரத்தின் வரிப்பணமாக இருக்கும். நம் பணமாக இருக்கும். செலவழிக்கும்போது நாம் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: கணக்குப் புத்தகத்தில் அதைத் தர்மச் செலவு என்ற தலைப்பில் எழுதக் கூடாது. கடன் என்ற தலைப்பில் எழுத வேண்டும்.